மூடுபனிக் கரைக்கு ஏற்ற மணமுள்ள ரோஜா எது?

சான் பிரான்சிஸ்கோவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது சன்செட் பகுதி. ஒரு காலத்தில் மணல்மேடாகக் கிடந்த இடம். ஜூலையிலும் பகல் வெப்பம் 18 டிகிரியைத் தாண்டாத நாட்கள் நிறைய. கடலிலிருந்து ஏறும் மூடுபனி சில நாள் மதியம்வரை விலகாது. பன்னீர் ரோஜா மணத்தோடு வளர்ந்த எனக்கு மணமில்லாத ரோஜா ரோஜாவாகவே தோன்றாது. அதனால் வாசனைக்கென்றே மூன்று ரகங்களை வளர்த்துப் பார்த்தேன்.

முதலில் வாங்கியது 1977இல் அறிமுகமான டபுள் டிலைட். பாலேட்டு நிற இதழ், ஓரமெல்லாம் சிவப்பு. அந்தச் சிவப்பு வெயில் படப்படத்தான் ஏறும். எங்கள் கொல்லையில் வெளிறிய இளஞ்சிவப்போடு நின்றுவிட்டது. காரமும் இனிப்பும் கலந்த அதன் மணத்தில் குறையே இல்லை. ஆனால் சாம்பல் நோய் விடவில்லை. கரும்புள்ளி நோய்க்கு இலை மணிக்கணக்கில் நனைந்திருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அதுகூடத் தேவையில்லை, குளிர்ந்த ஈரக்காற்றே போதும். கொழுந்தெல்லாம் மாவு தூவியதுபோல் வெளுத்துச் சுருண்டது. மூன்றாம் வருடம் வேரோடு எடுத்து, வெயில் காயும் லிவர்மோரில் இருக்கும் நண்பருக்குக் கொடுத்தேன். அங்கே ஓரம் சிவக்கச் சிவக்கப் பூக்கிறது.

மிஸ்டர் லிங்கன் 1964ஆம் ஆண்டு ரகம். கிரைஸ்லர் இம்பீரியல், சார்லஸ் மாலரின் என்ற இரண்டு ரோஜாக்கள் கலந்து பிறந்தது. ஓக்லஹோமா, பாப்பா மெய்யான் ரகங்கள் இதன் உடன்பிறப்புகள். அடர்சிவப்பு, வெல்வெட் இதழ். ஏறக்குறைய 35 இதழ்கள்தான் என்பதால் குளிரிலும் மொட்டு தடையின்றி விரிகிறது. குறை என்றால், நெடுநெடுவென வளர்ந்து அடித்தண்டு மொட்டையாக நிற்கும். கோடைக் கடைசியில் துரு நோயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

பன்னீர் ரோஜாவுக்கு மிக அருகில் வருவது கெர்ட்ரூட் ஜெகில். இங்கிலாந்தின் ரோஜா ரகங்களை உருவாக்கும் டேவிட் ஆஸ்டின் 1986இல் வெளியிட்டது. போர்ட்லண்ட் என்ற பழைய ரோஜா வகையைச் சேர்ந்த ஒன்றின் வாரிசு. முதல் பூவை முகர்ந்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் இதழ்கள் மிஸ்டர் லிங்கனைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பனி ஈரத்தில் வெளியிதழ்கள் ஒட்டிக்கொள்ள, மொட்டு விரியாமலே உள்ளுக்குள் அழுகிவிடுகிறது. ஜூன் மாதத்தில் பாதி மொட்டுகள் இப்படிப் போயின. முள்ளும் அதிகம்.

எந்த ரகமானாலும் பனி விலகி வெயில் தொட்ட பிறகு முகர்ந்து பாருங்கள். வெதுவெதுப்பில்தான் வாசனை எண்ணெய் ஆவியாகும். விடிகாலைக் குளிரில் முகர்ந்துவிட்டு மணமே இல்லை என்று செடியைக் குறைசொல்லக் கூடாது.

இடம் ஒரு செடிக்குத்தான் என்றால் மிஸ்டர் லிங்கனையே வையுங்கள். ஜெகிலுக்கு வெயிலை வாங்கித் திருப்பித் தரும் தெற்குப் பார்த்த சுவர் வேண்டும். இங்கே குளிர்காலத்திலும் ரோஜா உறங்காது, இலையும் உதிராது. ஜனவரியில் கிளைகளை வெட்டிவிடும் கவாத்தின்போது நோய் தங்கிய பழைய இலைகளைக் கையாலேயே உருவிப் போட வேண்டும். இந்த ஜனவரியில் அதை முடித்த கையோடு ஜெகிலைச் சுவரோரம் மாற்றி நட்டேன். இப்போது துளிர் விட்டிருக்கிறது.