மோட்டார் தூளி: பிள்ளைக்கா, அம்மாவுக்கா?

3,500 ரூபாய். டப்பாவுக்குள் மோட்டார், ஸ்பிரிங், அடாப்டர், ஒரு ரிமோட். கூரைக் கொக்கி, தூளித் துணி, குறுக்குக் கட்டையெல்லாம் நம்முடையது. கம்பெனி பெயரை நான் இங்கே போடவில்லை. இந்த விலையில் கடையில் பார்த்தவையெல்லாம் ஏறக்குறைய ஒரே சாமான்தான், மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் வேறு.

மோட்டார் ஸ்பிரிங்கைச் சீராக இழுத்து இழுத்து விடும், தூளி மேலும் கீழுமாகக் குதிக்கும். பக்கவாட்டில் ஆடாது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்: கையால் நீளமாக வீசி ஆட்டிப் பழகிய பிள்ளைக்கு இந்தக் குதிப்பு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். பிள்ளையின் எடை ஏற ஏற வேகத்தையும் கூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. டைமர் இருக்கிறது, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. சத்தம்தான் குறை, மிக்ஸி அளவுக்கு இல்லை, ஆனால் நடுச்சாமத்தில் அந்த 'டொக் டொக்' அடுத்த அறை வரை கேட்கும். ரிமோட்டை முதல் வாரத்திலேயே மெத்தைக்கு அடியில் தொலைத்துவிட்டோம், யாரும் தேடவில்லை.

வீட்டில் எழுந்த ஒரே எதிர்ப்பு அத்தையிடமிருந்து. "மெஷின் ஆட்டுனா புள்ளைக்கு ஒட்டுதல் எப்படிம்மா வரும்?" என்றார். கேட்பதில் தப்பில்லை, அவர் மூன்று பிள்ளைகளைக் கையால் ஆட்டி வளர்த்தவர், ஆனால் அப்போது வீட்டில் ஆட்டுவதற்கு ஆறேழு கைகள் இருந்தன, பாட்டி ஆட்டுவார், சித்தி ஆட்டுவார், பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆட்டுவாள். இன்று அபார்ட்மெண்டில் அந்த ஆறு பேர் வேலையும் ஒருத்தி தலையில், அதற்கு மேல் 'அம்மா என்றால் இப்படித்தான்' என்று போனில் ஓயாமல் வந்து விழும் வீடியோக்கள் வேறு.

ஆட்டுவதைப் பற்றி ஜப்பான் ஆய்வு ஒன்று இருக்கிறது, ஒட்டுதலை அது அளக்கவில்லை. ரிக்கென் நிறுவன ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். அழும் பிள்ளையைத் தாய் சும்மா உட்கார்ந்து வைத்திருந்ததைவிட, தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் அழுகை குறைந்தது. ஆடும் தொட்டிலிலும் குறைந்தது. ஆக, பிள்ளையை அமர்த்துவதில் அசைவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதே ஆய்வில் இன்னொன்று, தூங்கிய உடனே கீழே போட்டால் விழித்துக்கொள்கிறது, ஐந்திலிருந்து எட்டு நிமிடம் பொறுத்துப் படுக்கவைத்தால் தூக்கம் தொடர வாய்ப்பு கூடுகிறது. தூளியிலிருந்து எடுக்கும்போதும் நான் இதையே கடைப்பிடிக்கிறேன், பெரும்பாலும் பலிக்கிறது.

ஏன் எடுக்க வேண்டும், அதிலேயே தூங்கட்டுமே என்றால், அங்கேதான் கவனம் வேண்டும். துணி குழிந்து பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை குறுகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பிள்ளை தூங்கும் இடம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்கிறது, சாய்வு 10 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது; அங்கே அதைத் தாண்டிய சாய்வுப் படுக்கைகளை விற்கவே 2022-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நம் தூளி எந்தக் கணக்கிலும் தட்டை இல்லை. அதனால் தூங்கவைக்க மட்டும் தூளி, அதுவும் கண் பார்வையில், தூங்கியதும் மெத்தை. இராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். டப்பாவில் '20 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பது ஸ்பிரிங்கின் கணக்கு, பிள்ளையை எதுவரை போடலாம் என்ற கணக்கு இல்லை. பிள்ளை குப்புற விழத் தொடங்கியதுமே தூளியை அவிழ்த்துவிட வேண்டும்.

சரி, எனக்கு இதனால் என்ன கிடைத்தது? முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் ஆட்டி, தோள் கழன்று, ஒருவழியாக அவன் கண்ணயரும்போது அவன் மேலேயே எரிச்சலாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் முனகினால் அழுகையே வரும். இப்போது மோட்டார் ஆட்டுகிறது, நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து என் இரண்டு கால் நகத்தையும் நிதானமாக வெட்டுகிறேன். துணி மடிப்புக்கு வெளியே அவன் ஒரு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், தூக்கம் வர வர மடக்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரியும், கையால் ஆட்டிய நாட்களில் இதைப் பார்த்ததே இல்லை. அவன் விழிக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. 3,500 ரூபாய் இதற்குத்தான், மற்றதெல்லாம் உபரி.

விளம்பரத்தில் மட்டும் தூளி பக்கத்தில் மடிக்கணினியோடு சிரிக்கும் அம்மாவைக் காட்டுகிறார்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம், அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்; அப்படி எடுத்து விடுப்பு முடிகிற நேரம் பிள்ளை புரளத் தொடங்கியிருக்கும், தூளியை அவிழ்க்க வேண்டிய நேரமும் அதுதான். அதனால் மீட்டிங்கில் உட்கார இதை நம்பி வாங்காதீர்கள். விடுப்பில் இருக்கும்போதே மெயில் பார்க்க இந்த அரைமணி போகிறதென்றால், மோட்டாருக்கான காசை ஆபீசிடமே கேளுங்கள்.

வாங்கலாமா? கைமாற்ற ஆளில்லாத வீட்டுக்கு, முதல் மூன்று நான்கு மாதத்துக்கு, தாராளமாக. அவ்வளவு குறுகிய காலம் என்பதால் பழசே போதும், தெரிந்தவர்களிடம் கேட்டால் பரணில் ஒன்று கிடக்கும். ஆனால் மோட்டாரை மட்டும் பழசாக வாங்குங்கள். ஸ்பிரிங்கையும் கொக்கியையும் புதிதாக வாங்கி மாட்டி, பிள்ளையைப் போடுவதற்கு முன் ஓர் அரிசி மூட்டையை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.