பாய்சோனா, வெஸ்ட்லைஃபா?

வீடு மாறும்போது பழைய சிடி பெட்டியைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருந்தது. பாய்சோன், வெஸ்ட்லைஃப் என்ற அயர்லாந்து பாய் பேண்டுகள் (இளைஞர்கள் சேர்ந்து பாடும் பாப் குழுக்கள்) இரண்டும் கையில் வந்தன. ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன். பாய்சோனை நண்பர் எடுத்துக்கொண்டார், வெஸ்ட்லைஃப் என்னோடு புது வீட்டுக்கு வந்துவிட்டது.

பொதுவான விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இரண்டுக்கும் மேலாளர் லூயிஸ் வால்ஷ். இரண்டும் மெதுவான காதல் பாட்டையும் பிறர் பாடிய பழைய பாட்டையும் நம்பி வளர்ந்தவை. 1993இல் டப்ளினில் தொடங்கிய பாய்சோன் பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் 6 முறை முதலிடம் பிடித்தது. 1998இல் உருவான வெஸ்ட்லைஃப் 14 முறை. அதிலும் முதல் 7 சிங்கிள்களும் (ஒற்றைப் பாட்டாக வெளியிடுபவை) விடாமல் முதலிடம். ஆனால் இந்தக் கணக்கை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. பாய்சோன் போட்ட பாதையில்தான் வெஸ்ட்லைஃப் நடந்தது. ஆரம்பத்தில் பாய்சோனின் ரோனன் கீட்டிங்கே அவர்களுக்கு இணை மேலாளராக இருந்தார்.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது குரல் பங்கீடு. பாய்சோனில் ரோனனின் கரகரப்பும் ஸ்டீபன் கேட்லியின் மென்மையும்தான் பாட்டைத் தாங்கும், அதிலும் ரோனன் பக்கம்தான் கனம் அதிகம். 1999இல் அவர் தனியாகப் பாடிய முதல் சிங்கிளே முதலிடம் போனது, அடுத்த ஆண்டு குழு நின்றுவிட்டது. வெஸ்ட்லைஃபில் பாரம் அப்படி ஒருவர் தோளில் இல்லை. ஸ்லைகோ ஊர்க்காரர்களான ஷேன் ஃபிலனும் மார்க் ஃபீஹிலியும் சம பலம். ஷேன் தெளிவாக, பேசுகிற மாதிரி தொடங்குவார். சரணம் தாண்டி சுருதி ஏறும் இடத்தில் மார்க் மேலே போவார். கீழே மற்றவர்களின் ஹார்மனி விரித்த பாய் மாதிரி கிடக்கும். மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பாடும் எல்லோரும் எழுந்து நிற்பதும் அந்த இடத்தில்தான். அதைப் பலர் கேலி செய்வார்கள். எனக்கு இன்றும் அங்கே புல்லரிக்கும்.

இந்தக் கட்டமைப்பின் பலம் 2004இல் தெரிந்தது. அந்த மார்ச்சில் வெஸ்ட்லைஃபின் ஐவரில் ஒருவரான பிரையன் மெக்ஃபேடன் விலகினார். அடுத்த ஆண்டே மீதி நால்வர் பாடிய ‘யூ ரெய்ஸ் மீ அப்’ முதலிடம் பிடித்தது. மூலப் பாடல் சீக்ரெட் கார்டன் குழுவுடையது என்றாலும், பலர் மனதில் அது இவர்கள் பாட்டாகவே தங்கிவிட்டது. 2012இல் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் விடைபெற்றார்கள். 2018இல் மறுபடி கூடினார்கள், 2019இல் அதே மைதானத்தில் பாடினார்கள்.

பாய்சோனுக்கு ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது. தான் ஓர்பாலீர்ப்பாளர் என்று ஸ்டீபன் 1999இல் வெளிப்படையாகச் சொன்னார். பெண் ரசிகைகளை நம்பியே பாய் பேண்ட் நடந்த காலம் அது, அப்போது அதைச் சொல்லப் பெரிய துணிவு வேண்டும். 2005இல் மார்க்கும் அதையே சொன்னார். அப்புறம் 2009இல், 33 வயதில், ஸ்டீபன் இறந்துபோனார். அடுத்த ஆண்டு வந்த பாய்சோன் ஆல்பத்தில் அவர் குரல் ஒலிக்கும் பாட்டை நான் முழுசாகக் கேட்டு முடிக்க மூன்று தடவை உட்கார வேண்டியிருந்தது. 2019இல் பாய்சோன் விடைபெற்றது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு குழுக்களையும் நான் மேடையில் பார்த்ததில்லை. இதெல்லாம் சிடியையும் கச்சேரிப் பதிவுகளையும் வைத்துச் சொல்வது. 2024 பிப்ரவரியில் உடல்நலம் காரணமாக மார்க் மேடையிலிருந்து ஒதுங்கினார். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த சமநிலையில் பாதி அவர். மூவராக அவர்கள் பாடியதை நான் அதிகம் கேட்கவில்லை, அதனால் என் தீர்ப்பு பழைய பதிவுகளுக்கு மட்டும்தான். அந்தச் சிடிகள் இப்போது மேல் தட்டில், கை எட்டும் இடத்தில் இருக்கின்றன.