கூகுள் டாக்ஸ்: நகலா, பெயரிட்ட பதிப்பா?

எங்கள் டிரைவில் ஒரே அறிக்கைக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கோப்புகள். எது சரி என்று தேடியே பாதி நாள் போய்விடும்.

கோப்பின் பழைய நிலைகளைக் காட்டும் பதிப்பு வரலாற்றுக்குப் (Version history) போய், அப்போதைய நிலைக்கு 'மேனேஜர் பார்த்தது' என்று பெயர் வைத்தால் போதும். கோப்பு ஒன்றே, லிங்க்கும் மாறாது. கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்டோடு எச் தட்டினால் பட்டியல் திறக்கும். யார் எதை மாற்றினார் என்பது வண்ணத்தில் தெரியும். இவ்வளவு நாள் கண்முன்னேதான் கிடந்தது!

சரி, நகல் எதற்கு? வெளியாளுக்குத் திருத்தும் உரிமை கொடுத்தால் பழைய வரலாறும் அவர் கண்ணில் படும், நாம் அடித்துத் திருத்திய விலை உட்பட. நகலில் வரலாறு புதிதாகத் தொடங்கும். கொட்டேஷன் அனுப்பும்போது மட்டும் நான் நகல்தான் எடுப்பேன்.