லங்காவியில் 'தனிப் படகு' என்ற வாய்ச்சொல்லை நம்பி ஏமாந்த கதை

லங்காவியில் தீவுகளைச் சுற்றிப் பார்க்க அரை நாளுக்குத் தனிப் படகு எடுக்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள், பணத்தை நீட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். 420 ரிங்கிட் கொடுத்து நாங்கள் பதிவு செய்த 'தனிப் படகில்', எங்கள் குடும்பத்தார் ஆறு பேரோடு முன்பின் தெரியாத ஐந்து பேரும் ஏறினார்கள். வேன் பயணத்தோடு சேர்த்து நான்கு மணி நேரம் என்று சொல்லப்பட்ட சுற்றில், படகுப் பயணம் 2 மணி 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது. முகவரின் பெயரை இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை. விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் முன் இருக்கிறது, முடிவு வரும்வரை பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனால் ஏமாற்று வேலை எந்த இடத்தில் நுழைந்தது என்பதைச் சொல்லத் தடையில்லை.

நாங்கள் சுங்கைப்பட்டாணியிலிருந்து தவணை விடுமுறைக்குப் போனவர்கள். கோலா கெடாவில் காரை விட்டுவிட்டுப் ஃபெர்ரி ஏறிக் குவாவில் இறங்கினோம். நான், மனைவி, தம்பி, 71 வயதான அம்மா, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தனிப் படகு வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அந்த ஒரு காரணம்தான். தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஏற்றிச் செல்லும் பொதுப் படகில், ஒவ்வொரு தீவிலும் எவ்வளவு நேரம் என்பதைப் படகோட்டிதான் முடிவு செய்வார். தனிப் படகு என்றால், அம்மா மெல்ல நடந்து டாயாங் புந்திங் ஏரியைப் பார்த்து, சற்று உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பலாம் என்பது என் கணக்கு.

அந்த ஏரியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லங்காவியின் பிரதான தீவுக்குத் தெற்கே இருக்கும் டாயாங் புந்திங் தீவில், கடலுக்கு மிக அருகே, ஒரு சுண்ணாம்புக்கல் சுவர் மட்டுமே குறுக்கே நிற்க, நன்னீர் தேங்கிய ஏரி அது. டாயாங் புந்திங் என்றால் கர்ப்பிணிக் கன்னி என்று பொருள். கடலிலிருந்து பார்த்தால் மலைமுகடுகள் வயிறு புடைத்த ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலத் தோன்றும், ஏரி நீரைப் பருகினால் பிள்ளைப் பேறு கிட்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. 2007-இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தபோது சிறப்பிக்கப்பட்ட நிலப்பகுதிகளுள் இந்தத் தீவும் ஒன்று. அரை நாள் சுற்று என்று லங்காவியில் யார் விற்றாலும் பெரும்பாலும் இந்த ஏரி, பருந்துகளைக் காட்டும் சிங்கா பெசார் தீவு, மணற்கரைக்குப் பேர்போன பெராஸ் பாசா தீவு ஆகிய மூன்றும்தான். வழி ஒன்றுதான் என்பதால், தனிப் படகுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுக்க முழுக்க நேரத்துக்கும் இடத்துக்கும் கொடுக்கும் பணமே தவிர வேறொன்றுமில்லை.

பந்தாய் சினாங் கடைத்தெருவில், தங்குவிடுதிக்கு நடந்து திரும்பும் வழியில் படகுச் சுற்றுக்குப் பதிவு செய்யும் முகவரின் சிறிய முகப்பு ஒன்றைப் பார்த்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழில் பேச ஆரம்பித்தார். "அண்ணே, பாட்டியை வைத்துக்கொண்டு பொதுப் படகில் போகாதீர்கள், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு படகு போட்டுத் தருகிறேன். காலை 9 மணிக்கு வேன் வரும், மதியம் ஒரு மணிக்கு விடுதியில் இறக்கிவிடுவார்கள், ஏரி நுழைவுச் சீட்டும் இதில் அடக்கம்" என்றார். பருந்துகளுக்குக் கோழித்தோலை வீசி வரவழைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அது வேண்டாம் என்றேன். அதற்கும் சரி என்று தலையசைத்தார். 450 என்றவர், அம்மாவைப் பார்த்துச் சிரித்து 30 குறைத்தார். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் ஒருவர் தமிழில் அண்ணே என்று கூப்பிட்டதும் எனக்குக் கண் மறைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கிழித்துக் கொடுத்த ரசீதை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், படிக்கவில்லை. அதில் தேதியும், 'ஐலண்ட் ஹாப்பிங், 6 பேர், 420, பணம் கட்டியாயிற்று' என்பதும்தான் ஆங்கிலத்திலும் மலாயிலும் கலந்து எழுதப்பட்டிருந்தன. தனிப் படகு என்ற சொல் இல்லை, நேரம் இல்லை, நுழைவுச் சீட்டு அடக்கம் என்ற குறிப்பும் இல்லை. தலைப்பில் ஒரு கடைப் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டும் அச்சாகியிருந்தன. என் மனைவி மட்டும் அன்றிரவு, தூங்கப் போவதற்கு முன், அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்தாள்: "நாளைக்குத் தனிப் படகுதானே, வேறு யாரும் வர மாட்டார்கள்தானே?" "ஆமாம் அக்கா, பிரைவேட்தான்" என்று பதில் வந்தது. எதற்கும் கேட்டு வைத்தேன் என்று அவள் சொன்னபோது, உனக்கு எதிலும் சந்தேகம்தான் என்று நான் சிரித்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பசியாறிவிட்டு 9 மணிக்கே வாசலில் நின்றோம். வேன் 9.40-க்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். வேன் பொது, படகுதான் தனி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெலுக் பாரு படகுத்துறையில், கையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டிருந்தவர் எங்கள் பதினோரு பேரையும் எண்ணி ஒரே படகைக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. நான் மறுத்துப் பேசினேன். அவர் முகவருக்குத் தொலைபேசியில் அழைத்தார், எடுப்பாரில்லை. ஏறுவதென்றால் ஏறுங்கள், அடுத்த முறை பிற்பகல் 2 மணிக்குத்தான் என்றார். பிள்ளைகள் ஏற்கெனவே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஏறினோம். அந்த இடத்தில் ஏறாமல் திரும்பியிருந்தால் முழுப் பணத்தையும் கேட்டிருக்கலாம் என்று பின்னர் பலர் சொன்னார்கள். சொல்வது எளிது.

உயிர்காப்பு மேலங்கி எல்லோருக்கும் கொடுத்தார்கள், அந்த மட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிறுவர் அளவில் ஒன்றுகூட இல்லை. என் ஆறு வயது மகளுக்குப் பெரியவர்களின் மேலங்கியைப் போட்டபோது அது அவள் காதுவரை ஏறி நின்றது. இடுப்புப் பூட்டு உடைந்து, அந்த இடத்தில் ஒரு பச்சை நைலான் கயிறு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அவள் தண்ணீரில் விழுந்தால் மேலங்கி மட்டும் மிதக்கும், பிள்ளை கீழ்வழியாக நழுவிவிடும் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. தம்பி வழி நெடுகிலும் அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். பணத்தைவிட இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்வது அந்தக் கயிற்று முடிச்சுதான்.

படகு 10.15-க்குக் கிளம்பியது. படுத்திருக்கும் பெண்ணின் உருவத்தைக் காட்ட வேகத்தைக் குறைப்பார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன், படகு குறைக்காமலே அதைக் கடந்து போனது. டாயாங் புந்திங் துறையில் 10.35-க்கு இறங்கினோம். 11.20-க்குத் திரும்பிவிட வேண்டும் என்று படகோட்டி விரல் காட்டினார். நுழைவாயிலில் எங்கள் பெயரில் சீட்டு எதுவும் இல்லை, மீண்டும் கையிலிருந்து கட்டினேன். துறையிலிருந்து ஏரிவரை காட்டுக்குள் படியேறி இறங்க வேண்டும். ஓடியாடுகிறவர்களுக்கு அது பத்து, பதினைந்து நிமிடம். அம்மா பாதிப் படிகளில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நேரம் நம் கையில் இருந்திருந்தால் கால் மணி நேரம் இளைப்பாறிவிட்டு மெல்ல ஏறியிருப்பார். இல்லாததால் மனைவி அவரோடு அங்கேயே இருந்துவிட, நானும் தம்பியும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி, ஏரியில் காலை நனைத்துவிட்டு ஓடி வந்தோம். யாருக்காகத் தனிப் படகு எடுத்தோமோ அவர் ஏரியைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது அவர் பக்கத்தில் வைத்திருந்த பிஸ்கட் பையைக் குரங்கு ஒன்று பறித்துப் போயிருந்தது, அதைச் சொல்லி அவரே சிரித்ததால் எங்களுக்கும் சற்று மனம் ஆறியது.

சிங்கா பெசார் அருகே படகை நிறுத்தியதும், நான் வேண்டாம் என்று சொன்ன அதே கோழித்தோல் வாளியிலிருந்து நீரில் விழுந்தது. லங்காவி என்ற பெயரே பருந்தைக் குறிக்கும் 'ஹெலாங்', செந்நிறத்தைக் குறிக்கும் 'காவி' என்ற இரு சொற்களிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தச் செம்பருந்துதான் நமக்குக் கருடன். முதல் பறவை வெள்ளைக் கழுத்தும் செம்பழுப்பு இறக்கையுமாகத் தலைக்கு மேலே வட்டமிட்டபோது அம்மா வழக்கம்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடமே அது பாய்ந்து தோல் துண்டைக் கால்நகத்தால் பற்றிக்கொண்டு போக, இருபது முப்பது பறவைகள் ஒன்றையொன்று மோதிக்கொண்டு இறங்க, அம்மா கையைக் கீழே போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். ஆறு நிமிடத்தில் இயந்திரம் மீண்டும் உறுமியது.

பெராஸ் பாசாவில் 35 நிமிடம். பிள்ளைகள் உடை மாற்றிக் கடலில் இறங்குவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். 12.40-க்கெல்லாம் தெலுக் பாருவில் நின்றோம்.

அங்கே காத்திருந்தபோதுதான் மற்ற ஐவரும் அலோர் ஸ்டாரிலிருந்து வந்தவர்கள் என்பதும், தலைக்கு 40 ரிங்கிட் மட்டுமே கொடுத்தவர்கள் என்பதும் தெரிந்தது. அந்தக் கணக்கில் எங்கள் ஆறு பேருக்கு 240-தான். படகோட்டியிடம் கோபமாகத்தான் போனேன். வயதானவர், மலாயில் மாமா என்பது போல "பாக்சிக்" என்று கூப்பிட்டுக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். '6 பேர்' என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. தனிப் படகு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிற்பகல் 2 மணி முறைக்கு அவர் மறுபடியும் படகோடு தயாராக நிற்க வேண்டும், அதனால்தான் எங்களை விரட்டியிருக்கிறார். பணம் வாங்கிய முகப்பு, வேன் ஓட்டுநர், அட்டையோடு நின்றவர், படகோட்டி என்று நான்கு கை மாறியதில், நான் 180 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய அந்த ஒற்றைச் சொல் முதல் கையோடேயே நின்றுவிட்டது. மறதியாகவும் இருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

மாலையில் முகப்புக்குப் போனபோது அந்த நினைப்பும் போயிற்று. தமிழ் பேசிய இளைஞர் இல்லை. இருந்த பெண் ரசீதைப் பார்த்துவிட்டு, இதில் தனிப் படகு என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். மனைவி வாட்ஸ்அப் செய்தியைக் காட்டியதும் உள்ளே போய் யாருடனோ பேசிவிட்டு வந்து, நல்லெண்ணத்தின் பேரில் 50 ரிங்கிட் தருவதாகவும், பதிலுக்கு விவகாரம் முடிந்தது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும் சொன்னார். மறுத்துவிட்டோம்.

ஊர் திரும்பியபின், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் கோரிக்கை தாக்கல் செய்தேன். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டு செல்லலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விட மாட்டார்கள். எனக்குச் சிக்கல் வேறிடத்தில் வந்தது. எதிர்த்தரப்பின் பதிவு பெற்ற பெயரும் முகவரியும் வேண்டும், ஏனென்றால் படிவத்தின் நகலை அவர்களுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. பலகையில் இருப்பது விளம்பரப் பெயர், பதிவு வேறு பெயரில் இருந்தது. நிறுவனங்கள் ஆணையத்தில் தேடிப் பிடிக்கவே பல நாட்கள் ஆயின. வணிகப் பதிவுச் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பணம் கொடுக்கும் முன் அதையும், சுற்றுலாத் தொழில் சட்டம் 1992-இன் கீழ் சுற்றுலா அமைச்சு வழங்கும் உரிமத்தையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த முகப்பின் சுவரில் விலைப்பட்டியலும் ஒரு நாட்காட்டியும் இருந்தது நினைவிருக்கிறது, சான்றிதழ் எதையும் பார்த்ததாக நினைவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், ரசீதில் 'தனிப் படகு, வேறு பயணிகள் இல்லை' என்றும், துறையிலிருந்து கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், நுழைவுச் சீட்டு யார் பொறுப்பு என்பதையும் அவர்கள் கையாலேயே மலாயில் எழுத வைத்து, அந்த ரசீதைப் படகோட்டியிடம் நேரே காட்டிய பிறகு ஏறுங்கள். அவருடைய துண்டுச் சீட்டில் இருப்பதும் உங்கள் ரசீதில் இருப்பதும் ஒன்றுதான் என்று உறுதியாகும்வரை பிள்ளைகளைப் படகுக்கு அருகே விடாதீர்கள். சிறுவர் அளவு மேலங்கி இருக்கிறதா என்பதை முதல் நாளே கேளுங்கள்.

நான் கோரியிருப்பது கூடுதலாக வாங்கிய 180 ரிங்கிட்டும், இரண்டாவது முறை கட்டிய நுழைவுச் சீட்டுப் பணமும் மட்டுமே. படிவம் முகவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், அதே எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: 100 ரிங்கிட் அனுப்புகிறோம், கோரிக்கையை மீட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்று. மனைவி அதற்குப் பதில் எழுதவில்லை, செய்தியை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறாள்.