எங்கள் வேம்பை நிலையாக்கிக் கொடுத்த செங்கோட்டை மரவாடி

சென்ற ஆண்டு ஆனிக் காற்றில் எங்கள் வீட்டு வேம்பு சாய்ந்தது. அப்பா நட்ட மரம். விறகுக்குக் கேட்டு வந்தவர்களுக்கு அம்மா கொடுக்கவில்லை. மாடியில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு அறைகளுக்கு நிலை செய்யலாம் என்று அடிமரத்தை டிராக்டரில் ஏற்றிச் செங்கோட்டைக்குக் கொண்டுபோனேன். முதலில் போன மரவாடியில் கட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “வேம்பு கோணும், தேக்கு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் போன மரவாடியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்கார அண்ணாச்சி டேப்பை என் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னார். சுற்றளவு 4 அடி, நீளம் 9 அடி. சுற்றளவில் கால் பங்கை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கினால் 9 கன அடி. உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே இந்தக் கணக்கில் விடுபட்டுப்போகும். அறுப்புக் கூலியும் இந்த 9 கன அடிக்குத்தான். 5க்கு 3 அங்குலத்தில் ஆறு சட்டங்கள் கிடைத்தன; இரண்டு நிலைக்கும் அது போதுமானதாக இருந்தது.

“கோணும் என்று சொன்னதில் பொய் இல்லை தம்பி. பச்சையாக அறுத்த கையோடு நிறுத்தினால் எந்த மரமும் கோணும். ஆறு மாதம் பொறுப்பீர்களா?” என்று கேட்டார். பொறுத்தேன். கொட்டகை நிழலில், சட்டத்துக்குச் சட்டம் காற்றுப் புகும்படி குறுக்கே ரீப்பர் என்னும் மெல்லிய மரக்குச்சிகளை வைத்து அடுக்கியிருந்தார். வேம்பின் கசப்புக்குக் கறையான் எளிதில் அண்டாது. உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும்.

கதவுக்கு மட்டும் தேக்கு வாங்கினேன். எண்ணெய்ப் பசை உள்ள மரம், மழைக்காலத்திலும் அதிகம் உப்பாது. ஆனால் மரத்தின் நடுவில் இறுகிய வைரம் வேறு, வெளிப்புற வெள்ளை வேறு. வெள்ளையில் பூச்சி விழும். வெள்ளை ஓடிய இரண்டு பலகைகளை நான் கவனிக்கும் முன்பே அவர் ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஜன்னல் சட்டத்துக்கு வேங்கை. அது வேங்கைதானா என்று நான் தயங்கியதைப் பார்த்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நான்கைந்து சீவல்களைப் போட்டார். சற்று நேரத்தில் தண்ணீர் வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் விளிம்பில் மயில் கழுத்தின் நீலம் மின்னியது. நாற்பது வயதில் முதன்முறையாக அதைப் பார்த்தேன்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சரக்கு வந்தது; அதற்குள் ஆசாரி வேறு வேலைக்குப் போய்விட்டார். உட்கார நிழல் இல்லை, ரம்பத்தூள் கண்ணில் விழுகிறது. குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். அலமாரிக்குப் பூவரசு கேட்டேன், அன்று இருப்பில் இல்லை.

இத்தனைக்கும் பிறகும் அங்கேதான் போகச் சொல்வேன். கழிவுத் துண்டுகளையும் வேப்பந்தூளையும் இரண்டு சாக்கில் கட்டி, “இதுவும் உங்கள் மரம்தானே” என்று வண்டியில் ஏற்றிவிட்டார். அம்மா மாலையில் அந்தத் தூளில் ஒரு கைப்பிடி எடுத்துத் தணலில் போட்டுக் கொசுப்புகை போடுகிறார். இன்னும் முக்கால் சாக்கு மீதி இருக்கிறது.