யாக்கோபு ஏசா ஆடியோ பாடம்: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

யாக்கோபு ஏசா கதைன்னாலே பெரும்பாலும் ஒரே பாடம்தான் சொல்லித் தருவாங்க, பசி அவசரத்துல கையில இருக்குறத வித்துடாதேன்னு. ஆனா பசியோட வந்த அண்ணன் ஏசா ஒரு வேளைக் கூழுக்கு மூத்த மகன் உரிமைய தம்பி யாக்கோபுகிட்ட வித்த அந்தச் சமாச்சாரம் பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமம் 25ம் அதிகாரத்துல வருது, அண்ணனும் தம்பியும் திரும்ப மூஞ்சி பாத்துக்கிறது 33ல, நடுவுல இருக்குற ஏழு அதிகாரத்துலதான் சரக்கே இருக்கு. இந்த ஆடியோ தொடர் எனக்கு ரொம்ப பிடிச்சுப் போனதுக்கு முதல் காரணம் அந்த ஏழையும் தாண்டி குதிக்காம பொறுமையா கூட்டிட்டுப் போறதுதான்.

பேசுறவரு யாக்கோபுக்கு வக்காலத்து வாங்கல, ஏசாவையும் சாப்பாட்டு ராமன்னு ஒதுக்கல, நேரா பெத்தவங்ககிட்ட வர்றாரு. அப்பா ஈசாக்குக்கு வேட்டைக்கறி கொண்டு வர்ற மூத்தவன் செல்லம், அம்மா ரெபெக்காளுக்கு கூடாரத்துலயே இருக்குற இளையவன் செல்லம், ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க, சொத்துச் சண்டை அங்கயே ஆரம்பிச்சிடுச்சுங்கறாரு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. 27ம் அதிகாரப் பகுதிதான் இந்தத் தொடர்லயே பெஸ்ட், மூத்தவனுக்கான ஆசீர்வாதத்தை யாக்கோபு வாங்கணும்னு, உடம்பெல்லாம் முடி இருக்குற ஏசா மாதிரி தோண அம்மா ஆட்டுக்குட்டித் தோலை அவன் கையிலயும் கழுத்துலயும் சுத்தி விடுறா, கண்ணு மங்கிப்போன அப்பா தடவிப் பாத்து குரல் யாக்கோபு குரல், கை ஏசா கைன்னு குழம்புறாரு, அப்புறம் ஏசா வந்து விஷயம் தெரிஞ்சு உங்ககிட்ட இருக்குறது இந்த ஒரே ஆசீர்வாதம்தானாப்பான்னு சத்தம் போட்டு அழறான். அந்த இடத்துல மட்டும் பின்னணி மியூசிக்கை குறைச்சிருக்கலாம், குரலே அமுங்கிப்போச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா கணக்கு திரும்பி வர்றத கோத்துக் காட்டுறாங்க பாருங்க, அதுக்காகவே கேக்கலாம். ஏசா கோவத்துல கொன்னுடுவான்னு பயந்து, கொஞ்ச நாள் என் அண்ணன் லாபான்கிட்ட போய் இருன்னு யாக்கோபை அம்மா அனுப்பி வைக்கிறா, அந்தக் கொஞ்ச நாள் 20 வருஷம் ஆயிடுது, அம்மாவும் பிள்ளையும் திரும்ப பாத்துக்கிட்டதா வேதத்துல ஒரு வரி கூட இல்ல. லாபானோட இளைய மக ராகேலுக்காக 7 வருஷம் உழைச்சவனுக்கு மூத்த மக லேயாளை கட்டி வெச்சுட்டு, மூத்தவ இருக்கும்போது இளையவளை குடுக்குறது எங்க ஊரு வழக்கம் இல்லன்னு லாபான் சொல்றான், மூத்தவன் உரிமைய தட்டிப் பறிச்சவன்கிட்ட! பின்னாடி யாக்கோபோட செல்ல மகன் யோசேப்பு விஷயத்துல, அவனை வித்துட்டு, யாக்கோபோட சொந்தப் பிள்ளைங்களே ஆட்டு ரத்தத்துல அவன் அங்கிய தோச்சு அப்பன ஏமாத்துறாங்க. அப்பாவை ஆட்டுத்தோல் வெச்சு ஏமாத்துனவனுக்கு ஆட்டு ரத்தம். இதையெல்லாம் தனித்தனியா படிச்சிருப்போம், ஒரே மூச்சுல கேக்கும்போது வேற மாதிரி இறங்குது.

ஒரு ஸ்டார் குறைச்சது 33ம் அதிகாரத்துக்காக. ஏசா மன்னிச்சுட்டாருன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, எனக்கு தாங்கல. 400 பேரோட அண்ணன் வர்றான்னு கேட்டு நடுங்கிப்போன யாக்கோபு 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா, குட்டியோட 30 ஒட்டகம், 40 பசு, 10 காளை, 20 கழுதை, 10 கழுதைக்குட்டின்னு மந்தை மந்தையா இடைவெளி விட்டு முன்னாடி அனுப்புறான், இவங்க இதை கொஞ்சம் ஆடு மாடுன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்த எண்ணிக்கையிலதானே அவன் பயமும் குற்ற உணர்ச்சியும் தெரியுது? 7 தடவை தரையில விழுந்து கும்பிட்டு வர்றவன ஏசா ஓடி வந்து கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்குறான், ரெண்டு பேரும் அழறாங்க, எனக்கு போதுமானது இருக்கு தம்பி, உன்னோடத நீயே வெச்சுக்கோங்கறான், யாக்கோபு வற்புறுத்தினப்புறம்தான் வாங்கிக்கிறான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உரிமைய வித்தவன் வாயிலேருந்து எனக்குப் போதும்னு வர்றதுக்கே ஒரு முழுப் பகுதி ஒதுக்கியிருக்கணும். அப்புறம் ஈசாக்கு 180 வயசுல இறந்தப்ப ரெண்டு பேரும் சேந்துதான் அடக்கம் பண்ணாங்க, அதை சொல்லவே இல்ல.

ஒவ்வொரு பகுதி கடைசியிலயும் குடும்பமா உக்காந்து பேச கேள்வி வெச்சிருக்காங்க, யாருக்கு எது குடுக்கப்போறோம்னு எல்லா பிள்ளைங்களுக்கும் ஒரே நேரத்துல சொல்லியாச்சான்னு ஒரு கேள்வி, சொத்து பிரிக்கிற நிலைமையில இருக்குற பெத்தவங்க கட்டாயம் கேக்கணும். பைபிள்ல சட்டம் சொல்ற உபாகமம் 21ம் அதிகாரம் பத்தின எக்ஸ்ட்ரா பகுதியும் நல்லா இருக்கு, பிடிக்காத மனைவிக்குப் பொறந்தவனா இருந்தாலும் மூத்தவனுக்கு ரெண்டு பங்கு குடுத்தாகணும், அப்பன் இஷ்டத்துக்கு மாத்த முடியாதுன்னு சட்டத்த தெளிவா விளக்குறாங்க.

அடுத்த தொடர் போடுறதா இருந்தா பைபிள்ல எண்ணாகமம் 27ம் அதிகாரத்த எடுங்க ப்ளீஸ், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்னு அஞ்சு அக்கா தங்கச்சிங்க மோசே முன்னாடி நின்னு, எங்க அப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்லங்கறதுக்காக அவர் பேரு ஏன் அழியணும், எங்களுக்கும் பங்கு குடுங்கன்னு கேட்டு வாங்குனாங்க. ஒருத்தர ஒருத்தர் ஏமாத்தாம ஒண்ணா நின்னு கேட்ட அந்தப் பொண்ணுங்களப் பத்தியும் இதே மாதிரி நிதானமா கேக்கணும்னு ஆசையா இருக்கு.