குழந்தையின் கணையக் கட்டி: முதலில் ஊசியா, நேரே அறுவையா?

கணையத்தில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும், "உடனே பயாப்சி எடுத்துடலாமே டாக்டர்" என்பார்கள் வீட்டில். பயாப்சி என்றால் கட்டியிலிருந்து ஊசியால் துளி திசு எடுத்துப் பரிசோதிப்பது. பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் சரி. குழந்தைகளில் சில கட்டிகளை ஊசியால் தொடவே கூடாது, சிலவற்றை ஊசி போடாமல் வெட்டக் கூடாது.

அடிக்கடி எதிரெதிரே நிற்பவை இரண்டு. பத்து வயதுக்குள் வருவது பெரும்பாலும் பான்க்ரியாட்டோபிளாஸ்டோமா என்ற கணையப் புற்று. பதின்வயதுப் பெண் பிள்ளைகளிடம் காண்பது ஃபிரான்ட்ஸ் கட்டி, வீரியம் குறைந்த வகை. 1959-ல் அமெரிக்க நோயியல் மருத்துவர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் விவரித்ததால் அந்தப் பெயர்.

முதல் படம் அல்ட்ராசவுண்ட்தான். வயிற்றில் காற்று நிறைந்திருந்தால் கணையத்தின் வால் தெரியாது, ஆகவே வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். அடுத்தது சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? சி.டி. சில விநாடிகளில் முடியும், ரத்தக்குழாயைக் கட்டி சுற்றியிருக்கிறதா என்று தெளிவாகச் சொல்லும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. கட்டிக்குள் பழைய ரத்தம் தேங்கியிருப்பதும் சுற்றியுள்ள உறையும் அதில் நன்றாகத் தெரியும். ஃபிரான்ட்ஸ் கட்டிக்கு அவை நல்ல அடையாளம். அரை மணிக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். குழந்தை நிலையாக இருந்தால் எங்கள் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு. சி.டி.தான் என்றால், பெரியவர்களுக்கு எடுக்கும் பழக்கத்தில் மூன்று கட்டமாக (சாய மருந்து ஏற்றுமுன்னும் பின்னும் திரும்பத் திரும்ப) எடுக்காதீர்கள். இன்சுலினோமா (இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி) சந்தேகம் இல்லாதபோது பெரும்பாலும் ஒரு கட்டமே போதும்.

ஊசிக்கும் கத்திக்கும் முன்னால் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவைப் பார்த்தாக வேண்டும். பான்க்ரியாட்டோபிளாஸ்டோமாவில் அது பெரும்பாலும் ஏறியிருக்கும், ஃபிரான்ட்ஸில் ஏறாது. இங்கே இரண்டு பொறிகள். கைக்குழந்தைக்கு இயல்பாகவே ஏ.எஃப்.பி. மிக அதிகம், அந்தந்த மாதத்துக்கான அட்டவணையோடு ஒப்பிடாவிட்டால் இல்லாத புற்றைக் கண்டுபிடிப்போம். இன்னொன்று தலைகீழ்: அளவு மிக மிக அதிகமானால் மெஷின் குறைத்துக் காட்டிவிடும். பெரிய கட்டி, சாதாரண ஏ.எஃப்.பி. என்று வந்தால், சாம்பிளை நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

பயாப்சிதான் என்றால், இரைப்பை வழியாக எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டில் 22 அல்லது 25 கேஜ் மெல்லிய ஊசி, அல்லது வயிற்றுச் சுவர் வழியாகத் தடித்த ஊசி. முன்னதில் கட்டியின் செல்கள் வயிற்றுக்குள் சிதறும் ஆபத்து குறைவு. ஆனால் எண்டோஸ்கோபிக் குழாய் தடிமனானது, சுமார் 15 கிலோவுக்குக் கீழே சிரமம், கிடைக்கும் திசுவும் சொற்பம். இதனால் வரும் தவறு உண்டு: பான்க்ரியாட்டோபிளாஸ்டோமாவை உறுதிசெய்ய செதில் செல் கூடுகள் வேண்டும். அவை ஊசியில் சிக்காவிட்டால் அசினார் புற்று (கணையத்தின் இன்னொரு வகைப் புற்று) என்று ரிப்போர்ட் வரும். ஃபிரான்ட்ஸில் நடுக்குழியைக் குத்தினால் பழைய ரத்தம் மட்டுமே வரும். திடமான ஓரத்தைக் குறிவைக்க வேண்டும். திசுவில் பீட்டா கேட்டினின் என்ற புரதத்தைக் காட்டும் சாயத்தை மட்டும் நம்பவும் முடியாது. ஃபிரான்ட்ஸில் அநேகமாக எல்லா செல்களின் உட்கருவிலும் பிடிக்கும், பான்க்ரியாட்டோபிளாஸ்டோமாவில் அந்தக் கூடுகளை ஒட்டித் திட்டுத்திட்டாக. டிரிப்சின், பிசிஎல்10 ஆகிய புரதங்களைக் காட்டும் சாயங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிரியும்.

ஆகவே, படம் அப்படியே ஃபிரான்ட்ஸ், முழுதாக எடுக்க முடியும் என்றால் ஊசி வேண்டாம், நேரே அறுவைதான். பான்க்ரியாட்டோபிளாஸ்டோமா பரவியோ பெரிய ரத்தக்குழாயைச் சுற்றியோ இருந்தால், பயாப்சி செய்து, சிஸ்பிளாட்டின்–டாக்ஸோரூபிசின் என்ற புற்று மருந்துகளைக் கொடுத்துச் சுருக்கிய பிறகே கத்தி. லிம்போமாவோ (நிணநீர்ப் புற்று) காசநோயோ என்று சந்தேகம் வந்தால் ஊசிதான் முதலில், ஏனெனில் அவற்றுக்குப் பெரிய அறுவையே தேவையில்லை. இந்தியாவில் காசநோயை மறக்கவே கூடாது; எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க (கல்ச்சர்) ஒன்றும் மிஞ்சாது, ஒரு துண்டை சலைனில் வையுங்கள்.

இன்சுலினோமா தனிக் கதை. அதைக் காட்டிக்கொடுப்பது ரத்தம்தான். கண்காணிப்பில் பட்டினி வைத்து சர்க்கரை 50-க்குக் கீழே இறங்கியதும், குளுக்கோஸ் ஏற்றுமுன் இன்சுலின், அதோடு கணையம் வெளியிடும் சி-பெப்டைட், கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் மூன்றுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். பதற்றத்தில் குளுக்கோஸை முதலில் ஏற்றிவிட்டால் பட்டினி கிடந்ததெல்லாம் வீண். ரத்த அணு உடைந்த சாம்பிளில் இன்சுலின் சிதைந்து குறைவாகக் காட்டும், அதனால் கூடுதலாக ஒரு டியூப் எடுத்து வையுங்கள்.